மண் ஒட்டாத சாக்ஸ்

பேத்தி கழுத்தில் மெடலோடு வந்தாள். அவள் ஃபுட்பால் டீம் ஜெயித்திருந்தது. ஆனால் வெள்ளை சாக்ஸில் பொட்டு மண் இல்லை. கோச் அவளைக் கடைசிவரை இறக்கவே இல்லை.

மல்லசமுத்திரத்தில் நான் படித்தபோது, எங்கள் டிரில் மாஸ்டர் ஒவ்வொரு ஆட்டம் முடிந்ததும் எல்லார் முழங்காலையும் பார்ப்பார். செம்மண் ஒட்டாதவன் அடுத்த ஆட்டத்தில் முதல் ஆளாக இறங்கணும். அப்படித்தான் பைனலில் நான் இறங்கினேன். காலுக்கு வந்த பந்தையெல்லாம் கோட்டைவிட்டேன். தோற்றோம்.

“ஏனுங்க சார், இவனைப் போயி இறக்கி உட்டீங்களே! கப்பு போச்சுங்களே!” என்று அப்பாவே கத்தினார்.

மாஸ்டர் என் முழங்காலைத் தட்டிச் சிரித்தார். “எத்தனை தடவை உழுந்து எந்திரிச்சிருக்கான், பாருங்க.”

பேத்தி ஷூவைக் கழற்றக் குனிந்தாள்.

“கழட்டாத சாமி,” என்றேன். “பந்தை எடு. இன்னும் வெளிச்சம் இருக்குது.”