அலுமினியக் கப்பலுக்குள் குருவி

கப்பல் கட்டும் தளத்தில் அவளைக் குருவி என்றுதான் கூப்பிடுவார்கள். ஆள் அவ்வளவு சிறுசு. வெல்டிங் முகமூடியை மாட்டிக்கொண்டால் முகமூடி மட்டும் நடந்து வருகிறது என்று கேலி செய்வார்கள். அவளும் சேர்ந்து சிரிப்பாள். ஆனால் அடைசலான இடம் என்றாலே அவளுக்கு ஈரக்குலை நடுங்கும் என்பது கணவனுக்கு மட்டும்தான் தெரியும்.

அவள் போதாத காலம், தளத்துக்கு அந்தக் கடலோரப் போர்க்கப்பல் வேலை வந்தது. ஆழமில்லாத தண்ணீரிலும் சீறிப் பாய வேண்டிய கப்பல். எடை குறைய வேண்டும் என்று முழுக்க அலுமினியத்தில் கட்டினார்கள். நடுவில் ஒரு பெரிய உடல். சாய்ந்துவிடாமல் தாங்க இருபுறமும் ஒல்லியாக இரண்டு உடல்கள். வரைபடத்தில் பார்க்க அழகுதான். அந்த ஒல்லி உடலுக்குள் ஊர்ந்துபோய்ப் பற்றவைக்க ஆள் வேண்டுமே! மேஸ்திரியின் கண் சுற்றிச் சுற்றிக் குருவியிடம் வந்து நின்றது.

"நீதாம்மா போகணும். மத்தவங்களுக்குத் தோளே நுழையாது."

குருவி முகமூடியை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

நாத்தனாரும் அங்கேயே வெல்டர். குருவி உள்ளே போகும்போது, ஆள் நுழையும் ஓட்டைக்கு வெளியே அவள்தான் காவல். குருவியின் இடுப்புக் கயிற்றின் மறுமுனை அவள் கையில் இருக்கும். அலுமினியத்தைப் பற்றவைக்க ஆர்கான் வாயு வேண்டும். அதற்கு நிறமும் கிடையாது, வாடையும் கிடையாது. காற்றைவிடக் கனம் என்பதால் கமுக்கமாகக் கீழே தேங்கி, மூச்சுக்காற்றை வெளியே தள்ளிவிடும். அதை விரட்டத்தான் வெளியிலிருந்து ஒரு மின்விசிறி, குழாய் வழியாக நல்ல காற்றை உள்ளே தள்ளிக்கொண்டிருக்கும்.

அன்று யாரோ ஒரு ஃபிட்டர், தன் கிரைண்டருக்கு இடம் வேண்டும் என்று விசிறியின் பிளக்கைப் பிடுங்கிவிட்டான். தளத்து இரைச்சலில் விசிறி நின்றது யார் காதிலும் விழவில்லை.

ஒல்லி உடலின் கடைசி அறையில், தரையோடு தரையாக குப்புறப் படுத்திருந்த குருவிக்கு மூச்சு முட்டவில்லை. அதுதான் கொடுமை. இதமாகக் கண்ணைச் சுழற்றியது. இத்தனை நாள் நெஞ்சை அடைத்த பயம் திடீரென்று கழன்று போயிற்று. 'பரவாயில்லையே, பழகிவிட்டதே' என்று நினைத்ததுதான் அவளுக்கு நினைவிருக்கிறது.

"அண்ணி! அண்ணி, குரல் குடுங்க!"

பதில் இல்லை. நாத்தனார் ஆளைத் தேடி ஓடவுமில்லை, உள்ளே குதிக்கவுமில்லை. கத்திக்கொண்டே கயிற்றை இழுத்தாள். ஓடிவந்தவர்களும் கை கொடுத்தார்கள். முழங்கையெல்லாம் தோலுரிந்து, பிணம் மாதிரி வெளியே வந்தாள் குருவி. வாய் நீலம் பாரித்திருந்தது. பிராணவாயு வைத்த பிறகுதான் இருமினாள்.

தேறி வந்ததும், "இனி உள்ள போகமாட்டேன் சார்" என்று மேஸ்திரியிடம் சொன்னாள். அவள் முகத்தைப் பார்த்து அவரும் வற்புறுத்தவில்லை. ஆனால் அந்த அறையில் பற்றவைக்க வேண்டிய மூட்டு இன்னும் பாதி பாக்கி இருந்தது.

"நான் முடிச்சிடறேன் அண்ணி. தோளைக் குறுக்கிக்கிட்டா எப்படியாவது நுழைஞ்சிடுவேன்" என்றாள் நாத்தனார்.

"ஐயோ, வேணாம்டி!"

"நீங்க வெளிய இருக்கீங்கல்ல, எனக்கென்ன பயம்?"

குருவி கயிற்றின் முனையைக் கையில் சுற்றிக்கொண்டாள். ஓட்டைக்குள் நாத்தனாரின் கால்கள் மறைந்தன. இத்தனை நாள் உள்ளே போகும்போது பட்ட பயமெல்லாம், இப்போது வெளியே நின்று படும் பயத்துக்கு முன்னால் ஒன்றுமேயில்லை. ஒரு கையில் கயிறு, மறு கை விசிறி பிளக்கின் மேல். பக்கத்தில் வந்த ஒருவனை, "தொட்டே, கையை ஒடிச்சிடுவேன்!" என்று விரட்டினாள்.

"இருக்கியாடி?"

"இருக்கேன்."

மறுபடி கேட்டாள். மறுபடியும் கேட்டாள்.

"செத்தா சொல்லி அனுப்பறேன் அண்ணி, வேலை செய்ய விடுங்க!"

குருவிக்குச் சிரிப்பு வரவில்லை. வேலை முடிந்து வியர்வையில் குளித்த தலை வெளியே எட்டிப்பார்த்ததும், அதைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதுவிட்டாள்.

பிறகு குருவி திறந்த கொட்டகைக்கு மாற்றல் வாங்கிக்கொண்டாள். கப்பல் முதன்முதலாகக் கடலில் ஓடியபோது எல்லோரும் கைதட்டினார்கள். தண்ணீரைக் கிழித்துப் போகும் அந்த ஒல்லி உடலையே பார்த்துக்கொண்டிருந்தாள் அவள். உள்ளே யாரும் இல்லை என்று தெரியும். ஆனாலும் கப்பல் கண்ணைவிட்டு மறையும்வரை நாத்தனாரின் மணிக்கட்டை அவள் விடவேயில்லை.