ஏழு வருடம் ஜமேக்காக்காரி

கனடாவில், ஸ்காபரோவின் மோர்னிங்சைட்டில் ஒரு முதியோர் இல்லத்தின் சமையலறையில் வேலை செய்கிறேன். ஏழு வருடமாக என் பக்கத்தில் நின்று மரக்கறி வெட்டியவர் மார்வா. ஊருக்குப் போய்வந்தால் எனக்குச் சாதிக்காய் தருவார். வீட்டில் அதை, “ஜமேக்காக்காரி தந்தது” என்பேன். என் கணவரும், “கரீபியன் ஆக்கள், உவையள் எல்லாரும் ஜமேக்காதானே” என்பார்.

ஒரு கோடையில், புயல் ஜமேக்காவை நெருங்குவதாக ஓய்வறைத் தொலைக்காட்சியில் சொன்னார்கள். மார்வா சாப்பிடாமல் இருந்தார்.

“யோசிக்காதையும், ஜமேக்காவுக்கு உது இன்னும் வரேல்லை” என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் ஆறுதல் சொன்னேன்.

தன் நாடு கிரெனடா, அது மூன்று தீவுகள் சேர்ந்தது, அதில் தன் தீவைப் புயல் ஏற்கெனவே அடித்து, தாயின் வீட்டுக் கூரையையும் கொண்டுபோய்விட்டது என்றார். இதற்கு முன்பும் பலமுறை எனக்கு ஊர்ப்பெயர் சொன்னாராம். சாப்பாட்டுப் பெட்டியை எடுத்துக்கொண்டு எழுந்து போனார்.

நான் யாழ்ப்பாணத்துக்கு அப்பால் கடலுக்குள் இருக்கிற நெடுந்தீவாள். யாழ்ப்பாணத்துப் பள்ளிக்கூடத்தில் “தீவார்” என்று ஒதுக்கியபோது அழுதவள். இங்கே யாராவது இந்தியாவா என்று கேட்டால், இலங்கை என்று உடனே திருத்துகிறவள்.

மறுநாள் மன்னிப்புக் கேட்டேன். பரவாயில்லை என்றார். ஆனால் அன்றிலிருந்து வேறு மேசையில்தான் சாப்பிடுகிறார்.

இப்போதெல்லாம் யார் ஊர்ப்பெயர் சொன்னாலும் வீட்டுக்கு வந்து வரைபடத்தில் தேடிப் பார்க்கிறேன். கிரெனடாவையும் பார்த்தேன். ஸ்காபரோவின் கால்வாசிச் சனம்கூட அங்கே இல்லை. சாதிக்காயும் சுற்றுலாவும் பிழைப்பு. பிரதமர் அவர்களுக்கென்று ஒருவர், அரசர் கனடாவின் அதே அரசர்.

மார்வா எந்த வரைபடமும் பார்க்கவில்லை. வேலைக்குச் சேர்ந்த முதல் கிழமையிலேயே என்னிடம் கேட்டு, “நெடுந்தீவு” என்று பிழையில்லாமல் சொல்லப் பழகியிருந்தார்.