உச்சியில் பூசிய வள்ளத்து நெய்

காய்ச்சிய சுறா நெய்யின் நாற்றம் துணியில் பட்டால் ஒரு தோய்ப்பில் போகாது. தலையில் பட்டால் தலையணை, பாய், பக்கத்தில் படுப்பவர் எல்லாவற்றிலும் ஏறிவிடும் என்பதை, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் அல்லைப்பிட்டியில் சிறுமியாக இருந்த நான், றெஜினாக்காவின் அருகில் படுத்து அறிந்தேன்.

அக்காவுக்குப் பத்தொன்பது வயது. உச்சி வகிடு அகன்றுகொண்டே போய், வெயிலில் மண்டைத்தோல் மினுங்கத் தொடங்கியிருந்தது. ஊர்காவற்றுறையில் ஒரு சம்பந்தம் பேசியிருந்தார்கள். பெண் பார்க்க வரும் மாப்பிள்ளையின் தாய், பெண்ணின் கொண்டையைத் தன் கையால் அவிழ்த்து வாரிப் பின்னிப் பூ வைத்தால் சம்மதம் என்பது எங்கள் பகுதியில் அன்றைய வழக்கம்.

அக்காவுக்கு மயிர் கொட்டுவதை அம்மா "புழுவெட்டு" என்றார். கண்ணுக்குத் தெரியாத புழு மயிர்க்காலைத் தின்கிறதாம். சின்ன வெங்காயம் தேய்த்தார், செவ்வரத்தம்பூ எண்ணெய் வைத்தார். சீப்பில் வரும் மயிர் குறையவில்லை. கடைசியில், கடற்றொழில் செய்த எங்கள் தகப்பனாரான அப்பு தனக்குத் தெரிந்த புழு மருந்தை எடுத்தார். வள்ளத்துப் பலகையைக் கடற்புழு துளைக்காதிருக்கச் சுறா ஈரலைக் காய்ச்சிப் பூசும் நெய் அது.

"மரத்தைத் தின்னுற புழுவே கிட்ட வராது, மயிரைத் தின்னுறது எம்மாத்திரம்?" என்றார்.

கிணற்றடியில் ஒருத்தி, "என்னக்கா, மூத்தவளை எப்ப கடலிலை இறக்கப்போறியள்?" என்று அம்மாவைக் கேட்க, எல்லாரும் சிரித்தார்கள். அக்கா வெறுங்குடத்தோடு திரும்பினாள். உச்சியில் கொப்புளம் போட்டது. "எரியுதெண்டால் புழு சாகுது," என்றார் அம்மா. அக்கா இன்னும் தடிப்பாகப் பூசச் சொன்னாள்.

மாப்பிள்ளையின் தாய் மல்லிகைச் சரத்தோடு வந்தார். அக்கா அரப்பும் எலுமிச்சம்புளியும் வைத்து முழுகியிருந்தும், கொண்டையை அவிழ்த்ததும் அவர் கை நின்றது.

"இது வள்ளத்து நெய்யெல்லோ, பிள்ளை?"

"புழுவெட்டு, மச்சாள். இப்ப மாறிவருது," என்று அம்மா முந்திக்கொண்டார்.

வந்தவர் புண்ணான உச்சியைப் பார்த்தார். பிறகு அம்மாவைப் பார்த்தார். "உங்கடை முக்காட்டை ஒருக்கால் எடுங்கோ."

கோயிலிலும் குசினியிலும் அம்மா சேலைத் தலைப்பை விலக்கியதில்லை. அதைப் பக்தி என்று நாங்கள் நினைத்திருந்தோம். இப்போது அவர் அதை இரண்டு கைகளாலும் இறுக்கிப் பிடித்தார்.

"புழுவெண்டால் ஒரு தலையோடை போயிடும். இது வழிவழியா வாறது," என்று சொல்லிவிட்டு, அந்தப் பெண் பூச்சரத்தைப் பெட்டிக்குள் வைத்து மூடிக்கொண்டு எழுந்தார்.

அவர் வாசற்படலையைத் தாண்டியதும் அக்கா கேட்டாள்: "அம்மா, உங்களுக்குத் தெரியுமோ?"

"அது புழுதான்," என்றார் அம்மா.

அடுத்த நாளும் அக்கா நெய் பூசினாள். அடுத்த வருடமும் பூசினாள். வேறு சம்பந்தம் வரவில்லை.

அந்தக் கரையில் இன்று மரவள்ளங்கள் இல்லை. கண்ணாடிநார்ப் படகுக்குப் புழுப் பயமும் இல்லை. அம்மாவும் அக்காவும் போய்விட்டார்கள். யாழ்ப்பாணத்தில் இருக்கும் என் பேத்தி, மருந்துக்கடையில் வாங்கிய நீர்மருந்தை வகிட்டில் சொட்டுச் சொட்டாக விட்டுத் தேய்க்கிறாள். எல்லாருக்கும் பலிக்காது, பலித்தாலும் நிறுத்தினால் பழையபடி கொட்டும் என்று வைத்தியர் முன்பே சொல்லியிருக்கிறார். குடும்பத்தில் வேறு யாருக்காவது இருந்ததா என்றும் கேட்டாராம். அவள் என்னைக் கேட்டாள்.

"ஓம். எனக்கும் அக்காவுக்கும் இருந்தது. அம்மாவிட்டை இருந்து வந்தது," என்றேன்.

அம்மா உயிரோடிருந்தவரை எங்கள் வீட்டில் ஒருவர் வாயிலும் வராத பதில் அது.