வைஃபையில் ஒரு அரபிக் கள்ளன்

ஒத்துக்கொள்கிறேன் மக்கா, என் வைஃபை பாஸ்வேர்ட் என் பெயரேதான்.

ஹேக்கர் செய்தி போடும் பக்கத்தைப் படித்துப் பயந்துபோய், நம் வைஃபையில் யார் நுழைந்திருக்கிறார்கள் என்று காட்டும் ஆப்பை இன்று போனில் இறக்கினேன். மனைவியின் போன் இருந்தது. இன்னொன்றின் பெயர் அரபி எழுத்தில்!

சவுதியிலிருந்து லீவில் வந்திருக்கும் பக்கத்து வீட்டு ஜஸ்டினைத் தவிர வேறு யார்?

"ஏலே, எனக்க நெட்டுல கேறினியா?"

"எனக்க வீட்டுலயே நெட்டு கெடக்கு அண்ணாச்சி. ஒமக்க நத்தை நெட்டு எனக்கு எதுக்கு?"

கள்ளன் அப்படித்தான் சொல்லுவான். 'பிளாக்' என்பதை அமுக்கினேன். என் போனில் நெட் நின்றது.

மனைவி சிரித்தாள். "அது எங்க அண்ணன் கொண்டாந்து தந்த உங்க போனுல்லா! அவனுக்க அரபி மொதலாளி பேரு இன்னும் அதுல கெடக்கு."

பிளாக்கை நீக்க அவள் போனைக் கேட்டேன்; தொட விடவில்லை.

இந்தப் பதிவு ஜஸ்டினின் வைஃபையிலிருந்து வருகிறது. அவனிடம் கேட்கவில்லை. பாஸ்வேர்ட் அவன் பெயர்தான்.

தயவுசெய்து யாரும் அவனை டேக் செய்ய வேண்டாம்.