ரைஃபிள் கிளப்பும் பிரான்சு மாப்பிள்ளையும்

எனக்கு நிச்சயமாகி நான்கு வருடம் ஆகியிருந்தது. மாப்பிள்ளை பிரான்சு ராணுவத்தில் இருந்தார். காரைக்காலில் அப்படிப்பட்டவரை சொல்தா என்பார்கள். சொல்தா மாப்பிள்ளை என்று சொல்லிவிட்டால் போதும், வேறு எதையும் யாரும் விசாரிக்க மாட்டார்கள். லீவில் வந்தார். மாதா கோயிலில் சாமியார் முன்னால் அவருடைய அம்மா என் கழுத்தில் ஒரு சங்கிலியைப் போட்டார். லீவு முடிந்ததும் மாப்பிள்ளை விமானம் ஏறிவிட்டார். அங்கே குவார்ட்டர்ஸ் கிடைத்ததும் வந்து கல்யாணம் முடித்துக் கூட்டிக்கொண்டு போவதாகப் பேச்சு. குவார்ட்டர்ஸ் கிடைத்தபாடில்லை.

ஆனால் ஊர் என்னைப் பிரான்சுக்கு அனுப்பி முடித்துவிட்டது. நான் அரசு அலுவலகம் ஒன்றில் டைப்பிஸ்ட். பாண்டிச்சேரியில் பயிற்சி என்றால் என் பெயரை விட்டுவிடுவார்கள், நான்தான் போகப்போகிறவளாயிற்றே. ரவிக்கை தைக்கக் கொடுத்தால் டெய்லர்கூட, "அங்க போயி இதெல்லாமா போடப்போறீங்க?" என்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கல்யாணமானவளும் இல்லை, ஆகாதவளும் இல்லை. பஸ் ஸ்டாண்டில் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவளிடம் யார்தான் என்ன வேலை சொல்வார்கள்?

அந்தச் சமயத்தில்தான் ஊரில் இருந்த ரைஃபிள் கிளப்புக்குப் புது உறுப்பினர்கள் தேவை என்று ஒரு அறிவிப்பு வந்தது. எங்கள் அதிகாரி அதில் ஏதோ பொறுப்பில் இருந்ததால் பிரதி எடுக்க ஸ்டென்சில் வெட்டும் வேலை என் தலையில் விழுந்தது. 'ஆண் பெண் இருபாலரும்' என்று டைப் அடித்தபோது கை ஒரு நிமிடம் நின்றது. பிரதிகளை வாங்கிப் போக வந்தவர் கிளப்பின் செயலாளர், கடைத்தெருவில் இரும்புக்கடை வைத்திருந்த பாய். நானும் சேரலாமா என்று அவரிடமே கேட்டேன்.

"நீங்க பிரான்சுக்குப் போறவங்கல்ல தங்கச்சி?" என்றார்.

"போற வரைக்கும் சுடுறேன் பாய்."

அவர் சிரித்தார். சேர்த்துக்கொண்டார்.

நெரவி போகும் சாலையில் ஒரு பழைய நெல் கோடவுன். அதன் பின்னால் மண்மேடு, மேட்டுக்கு முன்னால் மூங்கில் சட்டத்தில் குறி பார்த்துச் சுட அட்டைகள். கிளப் என்பது அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமை முதல் பூசை முடிந்ததும் நேராக அங்கே போவேன். குப்புறப் படுத்துத்தான் சுட வேண்டும் என்பது போன பிறகுதான் தெரிந்தது. புடவையோடு ஆண்கள் நடுவில் குப்புறப் படுப்பதாவது! முதல் வாரம் வெறுமனே பார்த்துவிட்டு வந்தேன். அடுத்த வாரம் வீட்டிலிருந்து ஒரு ஜமக்காளம் கொண்டுபோனேன். கொசுவத்தைக் கணுக்காலோடு சேர்த்துத் துணிக் கிளிப் போட்டுக்கொண்டு, இடுப்புக்குக் கீழே ஜமக்காளத்தைப் போர்த்திக்கொண்டு, அங்கே விரித்திருந்த சாக்கின் மேல் படுத்தேன். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. எல்லோரும் தத்தம் அட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். என்னை யாரும் பார்க்காத ஒரு இடம் காரைக்காலில் இருந்தது என்பதே எனக்குப் பெரிய விஷயமாக இருந்தது.

ஆரம்பத்தில் தோட்டாவே கிடையாது. குழலின் மேல் ஒரு காசை வைத்துவிடுவார்கள். விசையை இழுத்து 'டக்' என்ற சத்தம் கேட்ட பிறகும் காசு விழாமல் இருக்க வேண்டும். என் காசு உருண்டு உருண்டு புல்லில் காணாமல் போகும். பிறகு ஒருநாள் நிஜத் தோட்டா கொடுத்தார்கள். என் அட்டையில் ஓட்டையே இல்லை, பக்கத்து ஆளுடைய அட்டையில் ஒன்று அதிகமாக இருந்தது. அவர் அதைத் தன் கணக்கில் சேர்க்கச் சொல்லி வாதாடினார்.

கிளப்பில் நிஜ ரைஃபிள் ஒன்றுதான், மற்றவை காற்றுத் துப்பாக்கிகள். அந்த ரைஃபிளுக்கான லைசென்ஸ் எங்கள் யூனியன் பிரதேசத்துக்குள் மட்டும்தான் செல்லும் என்று பாய் சொன்னார். எங்கள் ஊரிலிருந்து எந்தப் பக்கம் சைக்கிளை மிதித்தாலும் கொஞ்ச நேரத்தில் செக்போஸ்ட் வந்துவிடும், அதைத் தாண்டினால் தமிழ்நாடு. ஆகவே அந்தத் துப்பாக்கி ஊரை விட்டு வெளியே போனதே இல்லை. அதைக் கேட்டதும் எனக்கு அதன்மேல் ஒரு தனிப் பாசம் வந்துவிட்டது.

எனக்கு வராதது மூச்சு. குறி சரியாக விழும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டே கிடப்பேன். கை நடுங்கும், கண் இருளும், கோபத்தில் விசையை இழுத்துவிடுவேன். மண்மேட்டில் தூசி பறக்கும்.

"ரொம்ப நேரம் பிடிக்காதீங்க," என்றார் பாய். "சரியா வரலையா, சுடாம எறக்கி வெச்சிடுங்க. மூச்சு விட்டுட்டு மறுபடி எடுங்க. எறக்கி வெக்கிறதுல ஒண்ணும் கேவலம் இல்ல."

கிளப்பிலிருந்து நேராக அத்தை வீட்டுக்குப் போக வேண்டும். அத்தை என்றால் மாப்பிள்ளையின் அம்மா. நிச்சயம் ஆனதிலிருந்து ஞாயிறு மதியச் சாப்பாடு அங்கேதான். விதவை, ஒரே மகன், பெரிய வீடு. நான் மீன் குழம்பு சாப்பிடுவதை எதிரில் உட்கார்ந்து பார்ப்பார். நான் அவர் வீட்டுப் பொருள், பழுதாகாமல் இருக்கிறேனா என்று வாராவாரம் சரிபார்ப்பது போல இருக்கும். ஒரு ஞாயிறு என் முழங்கையைப் பிடித்துத் திருப்பினார்.

"என்னம்மா இப்படிக் கருத்துக் காய்ச்சுப் போயிருக்கு?"

கிளப்பைப் பற்றிச் சொன்னேன். அவர் கையிலிருந்த கரண்டியைக் குழம்புச் சட்டிக்குள்ளேயே விட்டுவிட்டார். "துப்பாக்கிய அவன் பிடிக்கட்டும். நீ எதுக்கும்மா பிடிக்கணும்? அவனுக்குத் தெரிஞ்சா என்ன நெனப்பான்?"

வீட்டில் அம்மாவும் அதையே சொன்னார். "நாலு வருஷம் போயாச்சு. இனிமே வேற யாரு வருவா? அவங்க மனசு கோணாம நடந்துக்க." அம்மாவுக்குப் பயம். அந்தப் பயம் எனக்கும் இருந்தது, அதனால்தான் அவர்மேல் அவ்வளவு கோபம் வந்தது.

ஒவ்வொரு வருடமும் கிறிஸ்துமஸுக்கு முன்னால் அத்தை என்னை ஸ்டுடியோவுக்குக் கூட்டிப்போவார். பட்டுப்புடவை, தலை நிறையப் பூ, கழுத்துச் சங்கிலி வெளியே தெரியும்படி. அந்தப் போட்டோ பிரான்சுக்குப் போகும். பெண் அப்படியேதான் இருக்கிறாள் என்று காட்டுவதற்கு. அந்த வருடம் காய்ச்சல் என்று பொய் சொல்லி ஸ்டுடியோவுக்குப் போகவில்லை. கிளப்பில் ஒருவரிடம் கேமரா இருந்தது. நான் குறி பார்ப்பதை எடுத்துத் தரச் சொன்னேன். முன்னால் நின்று எடுக்க பாய் விடவில்லை. காலித் துப்பாக்கியாகவே இருந்தாலும் ஆள் இருக்கும் பக்கம் குழல் திரும்பக்கூடாதாம். பக்கவாட்டில் எடுத்தார்கள். தலை கலைந்து, கன்னம் துப்பாக்கிக் கட்டையில் நசுங்கி, ஜமக்காளமும் கிளிப்புமாக. பார்க்கச் சகிக்கவில்லை. அதுதான் வேண்டும் என்று நினைத்துக்கொண்டு நானே தபாலில் போட்டேன்.

மாப்பிள்ளைக்குக் கோபம் வரும், வேண்டாம் என்று எழுதிவிடுவார், பழி என்மேல் விழுந்தாலும் பரவாயில்லை, நான் மூச்சு விடலாம். இதுதான் என் கணக்கு.

பதில் அத்தைக்குத்தான் வந்தது. பொங்கல் கழிந்த ஒரு ஞாயிறு, சாப்பாட்டுக்கு முன்னால் கண்ணாடி போட்டுக்கொண்டு எனக்குப் படித்துக் காட்டினார். மகனுக்குக் கோபமே இல்லை. போட்டோவைக் கூட இருப்பவர்களிடம் எல்லாம் காட்டினாராம், எல்லோரும் ரசித்தார்களாம், கட்டிலுக்கு மேலே ஒட்டிவைத்திருக்கிறாராம். இந்த வருடமும் லீவு கிடைக்காது, இந்தப் போட்டோ போதும் என்று எழுதியிருந்தார்.

அத்தைக்கு முகமெல்லாம் மலர்ச்சி. "பாத்தியா, ஒண்ணும் கோவிச்சுக்கல. எம்புள்ள தங்கம்."

மாப்பிள்ளை திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். போட்டோ போதும் என்கிறார். வருடத்துக்கு ஒன்று வந்தால் அவருக்குப் போதும். நான் கிழவியாகும்வரை அத்தை என்னை ஸ்டுடியோவுக்குக் கூட்டிப்போய்க்கொண்டே இருப்பார், நானும் மூச்சைப் பிடித்துக்கொண்டே நிற்பேன். சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தபடியே சங்கிலியைக் கழற்றி, இலைக்குப் பக்கத்தில் வைத்தேன்.

"என்னால முடியலங்க அத்தை. அவர் மேல வருத்தம் எதுவும் இல்ல. என்னால இனிமே காத்துக்கிட்டு இருக்க முடியல."

கத்துவார், அழுவார், அம்மாவுக்கு ஆள் அனுப்புவார் என்று எதிர்பார்த்தேன். அவர் சங்கிலியைத் தொடவில்லை. கண்ணாடியைக் கழற்றிக் கடிதத்தின் மேல் வைத்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

"அப்ப ஞாயித்துக்கிழமை சாப்பாட்டுக்கும் வரமாட்டியாம்மா?"

அந்த வீட்டில் மகனுக்காகக் காத்துக்கொண்டிருந்தது நான் மட்டும் இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. எனக்குக் கழற்றி வைக்க ஒரு சங்கிலி இருந்தது. பெற்றவள் எதைக் கழற்றி வைப்பாள்?

"வரேங்க அத்தை," என்றேன். "கிளப்பு முடிஞ்சு வர கொஞ்சம் லேட்டாகும்."

"ஆகட்டும்," என்று சொல்லி, குழம்புச் சட்டியைத் திறந்து எனக்குப் பரிமாறினார்.