கொக்கி இறங்காத பக்கம்

அன்று காலை எட்டு மணி இருபது நிமிடம். தாழ்வுபாட்டுத் தெருவில் போய்க்கொண்டிருந்தபோது, காரை ஓட்டிக்கொண்டிருந்த மகள் நேரம் கேட்டாள். நான் காரின் கடிகாரத்தைப் பார்த்துச் சொன்னேன். சொல்லி வாய் மூடவில்லை, தெருவோரப் பற்றைக்குள்ளிருந்து ஒரு கழுதை தெருவுக்கு ஏறியது.

மன்னாரில் கார் ஓட்டும் எவருக்கும் கழுதை புதிதல்ல. மகள் பதறாமல் பிறேக்கை அழுத்தினாள். அடுத்த கணம் அவள் என் பக்கத்தில் இல்லை. இருக்கையோடு சேர்ந்து பின்னால் போய்விட்டாள். கால்கள் எதற்கும் எட்டவில்லை. ஸ்டியரிங்கில் விரல்நுனிகள் மட்டும் இருந்தன. கைப்பிறேக் என் முழங்கையோடுதான் இருந்தது. அதை இழுக்கலாம் என்ற நினைப்பே எனக்கு வரவில்லை. "பிறேக், பிறேக்" என்று கத்திக்கொண்டே இருந்தேன். கழுதை தப்பியது. கார் தெருவை விட்டு இறங்கி மணலில் புதைந்து நின்றது. மீன்பெட்டி கட்டிய சைக்கிளில் எதிரே வந்தவர் வேலிப்பக்கம் குதித்திருந்தார். எங்கள் முன்சக்கரத்துக்கும் அவருடைய சைக்கிளுக்கும் இடையில் ஒரு முழம்கூட இருக்காது.

அவர் எழும்பி, சிதறிய மீனைப் பொறுக்கினார். "பிள்ளையைப் பழக்கிறதெண்டால் கடலுக்குள்ள கொண்டுபோய்ப் பழக்குங்கோ, அங்க இடம் கிடக்கு." பிறகு மகளின் முகத்தைப் பார்த்தார். அவளுக்குக் குடிக்கத் தண்ணீர் கொடுக்கச் சொல்லிவிட்டுப் போனார்.

அவளுக்குச் சாரதி அனுமதிப்பத்திரம் கிடைத்து மூன்று வாரம். அடுத்த திங்கட்கிழமை முள்ளிக்குளத்தில் ஆசிரியையாகக் கடமையேற்க வேண்டும். முதல் நியமனம். பஸ்ஸை நம்பினால் பள்ளிக்கூட மணிக்குப் போய்ச் சேர முடியாது. அதனால்தான் இந்தக் கார் ஓடிப் பழகுதல் எல்லாம். தகப்பன் வெளிநாட்டில் இருக்கிறார். காரும் மகளும் என் பொறுப்பு.

அப்போது நான் அவளிடம் கேட்ட கேள்வி இன்னும் உறுத்துகிறது.

"பிறேக்கிலயிருந்து காலை ஏன் எடுத்தனீ?"

"நான் எடுக்கேல்லை அம்மா. சீற் போனது."

நான் நம்பவில்லை. அவளை இறக்கிவிட்டு, இருக்கையை முன்னுக்கு இழுத்தேன். நின்றது. இரண்டு கைகளாலும் ஆட்டினேன், அசையவில்லை. "பார், நிக்குதுதானே" என்றேன். வேலைசெய்யும் கந்தோரில் மற்றவர்களின் பிழையைக் காட்டும்போது எனக்கு வருகிற குரல் அது. அவள் இருக்கையைப் பார்த்தாள், தன் கால்களைப் பார்த்தாள். பிறகு வேலியோரம் போய்க் குந்தினாள். இனிக் கார் ஓடமாட்டேன், முள்ளிக்குளத்துக்கும் போகமாட்டேன் என்றாள். அழுது சொல்லியிருந்தால் நான் இவ்வளவு பயந்திருக்கமாட்டேன்.

தோட்டவெளியில் கராஜ் வைத்திருப்பவருக்குப் போன் எடுத்தேன். மணலிலிருந்து காரை எடுத்துத் தரத்தான் கூப்பிட்டேன். அவர் வரும்வரை வெயிலில் நின்றபோதுதான் போன வாரம் ஞாபகம் வந்தது.

காரில் ஏற்றிவந்த மீன்பெட்டி ஒன்றிலிருந்து ஐஸ்தண்ணீர் கசிந்து காருக்குள் நாற்றம். முதல்நாள் வேலைக்குப் போகிற பிள்ளை மீன் மணத்தோடு இறங்கக்கூடாதென்று, நானே நான்கு போல்ட்டுகளைக் கழற்றி ஓட்டுநர் இருக்கையை வெளியே எடுத்து, முற்றத்தில் சரித்துப் போட்டுக் கழுவினேன். மகள் வாளியில் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினாள். உப்புக்காற்றில் துருப்பிடித்துவிடுமே என்று, படகு எஞ்சினுக்குச் செய்வதுபோல, அடியிலிருந்த இரண்டு இரும்புத் தடங்களிலும் கிறீஸை அள்ளிப் பூசினேன். பூசியபிறகும் பின்னேரம் வரை இருக்கை ஒருபக்கமாக மணலில் கிடந்தது. திரும்பப் பூட்டியபோது விரலால் தள்ளினாலே ஓடியது. எனக்குப் பெருமையாக இருந்தது.

வேலியோரம் இருந்தவளிடம் இதைச் சொல்ல நினைத்தேன். இருக்கை நிற்கிறதென்று நானே ஆட்டிக் காட்டியிருக்கிறேனே. சொல்லவில்லை.

ஒன்பதரைக்கு மேல் கராஜ்காரர் மோட்டார்சைக்கிளில் வந்தார். காரைப் பார்க்குமுன் மகளிடம் நடந்ததைக் கேட்டார். அவள் சொன்னதை அப்படியே நம்பிக்கொண்டு, மணலில் படுத்து இருக்கைக்குக் கீழே டோர்ச் அடித்தார். அவர் காட்டித்தான் எனக்கு விளங்கியது. இரண்டு தடங்களிலும் வரிசையாக ஓட்டைகள். முன்னாலுள்ள கம்பியைத் தூக்கினால் இரண்டு பக்கத்துக் கொக்கிகளும் ஓட்டையை விட்டு எழும்பும், விட்டால் ஸ்பிரிங் அவற்றைக் கீழே இறக்கும். இரண்டுக்கும் ஒரே கம்பி. கதவுப்பக்கத்து ஓட்டைகளில் கிறீசும் மணலும் சேர்ந்து இறுகியிருந்தன. அந்தக் கொக்கி இறங்க இடமில்லை. அது இறங்காததால் மற்றதும் நுனியால்தான் கவ்வியிருந்தது. கையால் ஆட்டினால் நிற்கும். பிறேக்கை ஊன்றி மிதிக்கும்போது நம் முதுகு இருக்கையைப் பின்னுக்குத் தள்ளுமே, அந்தப் பலத்துக்கு நிற்காது.

"இதைக் கடைசியாக் கழட்டினது ஆர்?" என்று கேட்டார்.

மகளுக்குப் பதில் தெரியும். அவள் என்னைப் பார்த்தாள்.

"நான்தான்" என்றேன். "கிறீசும் நான்தான் பூசினனான். பிள்ளையில பிழையில்லை."

"கிறீஸ் பூசாத இரும்பு இந்தத் தீவில எங்க அக்கா இருக்கு" என்றார் அவர். சிரிக்கவில்லை.

ஓட்டை ஓட்டையாகச் சுரண்டி, மண்ணெண்ணெயில் கழுவி, துணியால் துடைத்தார். கம்பியைத் தூக்கி விட்டார். ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு சத்தம் கேட்டது. மகள் இன்னும் வேலியோரம்தான் இருந்தாள்.

"கேட்டதே தங்கச்சி? இப்ப ரெண்டும் விழுந்திட்டுது. வந்து ஏறியிருந்து, பலம் முழுக்கக் குடுத்துப் பிறேக்கை மிதிச்சுப் பாருங்கோ" என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார். "அக்கா, நீங்கள் கொஞ்சம் தள்ளி நில்லுங்கோ."