நூற்று எழுபத்தைந்தா, நூற்று எண்பத்தைந்தா

மகளுக்கு வளைகாப்பு நாள் குறிக்க நாட்றாம்பாளையம் பக்கத்திலுள்ள அவள் மாமியார் வீட்டுக்குப் போயிருந்தோம். கோயிலுக்குப் போய் வந்துவிடலாம் என்று எல்லோரும் எங்கள் காரிலேயே ஏறினார்கள். பின்சீட்டில் சம்மந்தி அம்மா, மகள், என் மனைவி. டிக்கியில் எங்களுக்கென்று கட்டி வைத்திருந்த இரண்டு ராகி மூட்டைகள். வளைவு வரும்போதெல்லாம் பின்பக்கம் 'சர்ர்' என்று ஒரு சத்தம். நான் தனியாக ஓட்டும்போது அது வந்ததே இல்லை.

வீட்டுக்கு வந்து இறங்கியதும் சம்மந்தி அம்மா முழங்காலில் கை வைத்துக் குனிந்து நான்கு டயர்களையும் பார்த்தார்.

"மொட்டையா தேஞ்சி கெடக்குதே சம்மந்தி. இந்த வண்டியில எம் மருமவள ஏத்தி அனுப்ப மாட்டேன். புள்ள இங்கயே பொறக்கட்டும்."

சம்பந்தம் ஆகி இரண்டு வருடத்தில் அவரிடம் 'நல்லா இருக்கீங்களா', 'போயிட்டு வரோம்' தவிர வேறு ஏதும் நான் பேசியதில்லை. முதல் பிரசவம் தாய் வீட்டில் என்று என் மனைவி அறையையே காலி செய்து வைத்திருந்தாள். திரும்பும் வழியில் தேன்கனிக்கோட்டை தாண்டியதும், "டயர மாத்துங்க. அவங்க வாயடைக்கிற மாதிரி மாத்துங்க" என்றாள்.

வளைகாப்புக்கு மூன்று வாரம் இருந்தது.

ஓசூரில் ஒரு உதிரிபாகத் தொழிற்சாலையில் தரம் பார்க்கும் பிரிவில் இருக்கிறேன். பத்தாவது முடித்து ஹெல்பராகச் சேர்ந்தவன். அங்கே நான் முதலில் கற்றுக்கொண்டது, சாம்பிளைப் பார்த்து அளவு எடுக்கக் கூடாது, டிராயிங்கைப் பார் என்பது. சாம்பிள் தேய்ந்திருக்கலாம், அதுவே தப்பாகவும் இருக்கலாம். புதிதாக வருகிறவர்களிடம் நான் கொஞ்சம் குரல் உயர்த்துவதென்றால் இந்த ஒரு விஷயத்துக்காகத்தான். அப்படிப்பட்டவன் மறுநாள் காலையில் காருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, டயரில் இருந்த எண்ணை அப்படியே ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக்கொண்டு கடைக்குப் போனேன். 185/70 R14.

பாகலூர் ரோட்டில் டயர்க்கடை வைத்திருக்கும் பாய் போனில் யாருடனோ கன்னடத்தில் பேசிக்கொண்டே சீட்டை வாங்கிப் பார்த்தார். காரைப் பார்த்தார். போனை வைத்தார்.

"இத யாருண்ணா போட்டது?"

"முன்னாடி வச்சிருந்தவரு போட்டிருப்பாரு பாய். நான் வாங்கி மூணு வருசம் ஆவுது."

"ஆளுங்க ஏறுனா உரசுதா?"

கடையில் வேறு ஆட்களும் இருந்தார்கள். "கொஞ்சம்" என்றேன்.

"அப்ப ஏர்றவங்கள கொஞ்சமா உக்காரச் சொல்லுங்க" என்று சிரித்தார். "இதே சைஸு புதுசா போட்டா இன்னும் உரசும்ணா. தேஞ்சதுலயே உரசுதுன்னா, புதுசு இன்னும் ஒசரமா இருக்குமில்ல?"

இது எனக்கு ஏன் தோன்றவில்லை என்று வெட்கமாகிவிட்டது. இந்த மாடலில் பதினான்கு இஞ்சி ரிம்முக்கே இரண்டு சைஸ் ஓடுகிறது, சரியானது எதுவென்று டிரைவர் கதவோரம் ஒட்டியிருப்பார்கள் என்றார் பாய். போய்ப் பார்த்தோம். காருக்கு மறுபடி பெயின்ட் அடித்தவர்கள் அந்த ஸ்டிக்கரைச் சுரண்டி எடுத்துவிட்டு அடித்திருந்தார்கள். டிக்கியில் ஸ்டெப்னி இருந்தது. மூன்று வருடத்தில் நான் அதை ஒருமுறைகூட வெளியே எடுத்ததில்லை. அதில் 175/65 R14. பழசாகி ரப்பரில் வெடிப்பு விட்டிருந்தது, ஆனால் தரையில் படும் பட்டன் வரிகள் தேயவே இல்லை.

"இதுதான் கரெக்ட்னு தோணுது. ஆனா இந்த வண்டியோடவே வந்த ஸ்டெப்னின்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன்" என்றார் பாய். "பாத்துட்டு வாங்க. நீங்க சொல்றத மாட்டித் தர்றேன்."

இரண்டு சாம்பிள் இருந்தது, டிராயிங் இல்லை.

அந்த எண்கள் என்னைப் பிடித்துக்கொண்டன. 175 என்பது அகலம், மில்லிமீட்டரில். 14 என்பது ரிம், இஞ்சியில். நடுவிலிருக்கும் 65? அதையும் மில்லிமீட்டர் என்று நினைத்து ஸ்டெப்னியின் பக்கச்சுவர் உயரத்தை அளந்தேன். நூற்றுப் பதினான்கு வந்தது. டேப் தப்போ என்று இன்னொரு டேப்பால் அளந்தேன். அதுவும் நூற்றுப் பதினான்கு. சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதுதான் பிடிபட்டது. நூற்று எழுபத்தைந்தில் அறுபத்தைந்து சதவீதம். ஒரே வரியில் மில்லிமீட்டர், சதவீதம், இஞ்சி என்று மூன்று விதமாக எழுதி வைத்திருக்கிறார்கள். எங்கள் பிரிவில் ஒருவர் இப்படி ஒரு டிராயிங் போட்டால் அன்றைக்கே திருப்பி அனுப்பிவிடுவோம். ஆனாலும் அதைக் கண்டுபிடித்த சந்தோஷத்தில் இன்னொரு தடவை ரசம் ஊற்றிக்கொண்டேன்.

கம்பெனி கார் நிறுத்துமிடத்தில் என் காரைப் போலவே நான்கு நின்றன. ஷிப்ட் முடிந்ததும் ஒவ்வொன்றின் அருகிலும் உட்கார்ந்து எண் பார்த்தேன். மூன்றாவது காரில் எனக்குப் பின்னால் தெற்கத்திக் குரல் கேட்டது. செக்யூரிட்டி.

"என்ன சார், டயருக்குக் கீழ என்ன தேடுதீங்க?"

"சைஸு பாக்கறேன்."

"உங்க வண்டி அங்கல்லா நிக்கு?"

"அதுக்குத்தான் பாக்கறேன்."

அவர் என்னை நம்பினாரா என்று தெரியவில்லை. நான்காவது காருக்கு என்கூடவே நடந்து வந்து, குனிந்து, எண்ணை அவரே உரக்கப் படித்துச் சொன்னார். ஒன்றில் பதினைந்து இஞ்சி ரிம். இரண்டில் 175. ஒன்றில் 185. அவர்களும் என்னைப் போல யாரோ போட்டதைப் பார்த்துப் போட்டவர்களாக இருக்கலாம்.

வழி தெரிந்தது நெடுஞ்சாலையில்தான். கிருஷ்ணகிரிக்கு ஒரு வேலையாகப் போகும்போது ஓரத்தில் கிலோமீட்டர் கல் ஓடிக்கொண்டே வந்தது. காருக்குள் ஓடிய தூரத்தைக் காட்டும் மீட்டருக்கு டயரைத் தெரியாது. சக்கரம் எத்தனை சுற்று சுற்றியது என்பது மட்டும்தான் அதற்குத் தெரியும். ஒரு சுற்றுக்கு எவ்வளவு தூரம் என்பதைக் கார் செய்தவர்களே அதற்குள் வைத்துவிட்டிருப்பார்கள். அப்படியானால் எந்த டயருக்கு இந்த வண்டியைச் செய்தார்களோ, அந்தக் கணக்கு மீட்டருக்குள் இன்னும் இருக்க வேண்டும். ஒரு கல்லருகே மீட்டரைக் குறித்துக்கொண்டேன். முப்பது கல் தாண்டியபோது மீட்டர் இருபத்தொன்பதுதான் ஓடியிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை பின்சக்கரம் ஒன்றைக் கழற்றி, காற்றுப் பிடித்த ஸ்டெப்னியையும் அதையும் தெருவில் பக்கத்தில் பக்கத்தில் உருட்டினேன். சாக்பீஸால் தொடங்கிய இடத்தில் ஒரு கோடு, ஒரு சுற்று முடிந்த இடத்தில் ஒரு கோடு.

"ஏங்க, எல்லாரும் பாக்கறாங்க" என்றாள் மனைவி.

"டேப்போட அந்த முனைய கொஞ்சம் புடி."

தேய்ந்த டயர் ஒரு சுற்றுக்கு நூற்று எண்பத்தொன்பது சென்டிமீட்டர் போனது. ஸ்டெப்னி நூற்று எண்பத்து மூன்று. முப்பதுக்கு ஏறக்குறைய ஒன்று வித்தியாசம். கல்லும் மீட்டரும் சொன்ன அதே கணக்கு. எழுந்து நின்று இன்னொரு முறை வகுத்துப் பார்த்தேன். நூற்று எழுபத்தைந்துதான்.

பாயிடம் தாளை நீட்டினேன். "இத்தன கணக்கு போட்டு டயர் வாங்க வந்த ஆள இப்பதாண்ணா பாக்கறேன்" என்று சொல்லி நான்கையும் மாட்டித் தந்தார். ஸ்டெப்னிக்கும் புதிது.

சம்மந்தி வீட்டில் வளைகாப்பு நன்றாக நடந்தது. பந்தி முடிந்து, மகளின் பையை டிக்கியில் வைத்துக்கொண்டிருந்தேன். சம்மந்தி அம்மா வந்து டயரைப் பார்த்தார்.

"என்ன சம்மந்தி, சின்னதா போட்டிருக்கீங்க? ஆட்டோ டயராட்டம் இருக்குது. பழசு இத விட பெருசால்ல இருந்துச்சி?"

சொந்தக்காரர்கள் நாலைந்து பேர் திரும்பிப் பார்த்தார்கள். மகள் வளையல்களோடு வாசற்படியில் நின்றாள். என் மனைவி என்னைத்தான் பார்த்தாள். என்னைத் தவிர அங்கே அதற்குப் பதில் தெரிந்தவர் யாரும் இல்லை.

"பெருசா இருந்ததுதான் தப்புங்க" என்றேன். பிறகு நிறுத்த முடியவில்லை. கல், மீட்டர், சாக்பீஸ், சதவீதம் எல்லாம் சொன்னேன். பழைய டயர் எங்கே போய் உரசியது என்று மட்கார்டுக்குள் கையை விட்டுத் தேய்ந்த தடத்தைக் காட்டினேன். அவரும் உள்ளே கை விட்டுத் தடவிப் பார்த்தார். விரலில் கறுப்பாக ஒட்டியதை முந்தானையில் துடைத்துக்கொண்டார்.

"பேச்செல்லாம் செரி. நானும் வர்றேன். சத்தம் கேட்டுச்சின்னா அங்கயே எறக்கி, இவள திருப்பிக் கூட்டியாந்துருவேன்."

"வீட்டுல விருந்தாளுங்க இருக்காங்களேம்மா" என்றார் மருமகன்.

"சாப்ட்டாச்சில்ல? அவங்களுக்கு வீடு தெரியும், போய்க்குவாங்க. நீ ராகி மூட்டய ஏத்துடா. அன்னிக்கி எப்பிடி இருந்துச்சோ அப்பிடியே இருக்கோணும்."

பின்சீட்டில் அதே மூவர். டிக்கியில் இரண்டு மூட்டை. முதல் வளைவில் சம்மந்தி அம்மா ஜன்னல் கண்ணாடியை இறக்கித் தலையைச் சாய்த்தார். என் மனைவி பேச வாயெடுத்தபோது "சும்மா இருங்க, கேக்கறேன்" என்றார். இரண்டாவது வளைவு. மூன்றாவது வளைவு. காட்டுப் பூச்சிகளின் இரைச்சலும் எஞ்சின் சத்தமும்தான். ஒரு பள்ளத்தில் வண்டி நன்றாகவே உட்கார்ந்து எழுந்தது. என் காதும் பின்னாலேயே இருந்தது. ஒன்றுமில்லை.

அஞ்செட்டியில் பஸ் நிற்கும் இடத்தில் நிறுத்தச் சொன்னார். இறங்கி, மகளின் கன்னத்தில் கை வைத்து, "தண்ணி நெறைய குடி. கொழந்த பொறந்ததும் மொத போனு எனக்குத்தான்" என்றார். பிறகு என் பக்க ஜன்னலுக்கு வந்தார்.

"கடைசியில பதினாலுன்னீங்களே, அது இஞ்சிதான?"

"ஆமாங்க. ரிம்மோட இஞ்சி."

"எங்க டிராக்டருல பின்னாடி டயருல இருபத்தெட்டுன்னு போட்டிருக்குது. அதுக்கு முன்னால பதிமூணு புள்ளி ஆறு. அது எதுக்கோசரம்? அதுல சதவீதம் எங்க?"

எனக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்றே சொன்னேன்.

"அப்ப பாத்துச் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு, திரும்பப் போகும் பஸ்ஸைப் பிடிக்க நடந்தார்.